தஞ்சோங் பூங்கா வாழையிலைக் கடை: மீன் கறியும் பிரெக்சிட் மேசையும்

சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதற்காகத்தான் படிப்பீர்கள். பினாங்கு தஞ்சோங் பூங்காவில், கடலோரச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் கடைவீட்டு வரிசையில் இருக்கிறது இந்த வாழையிலைக் கடை. காலையில் தோசை, இட்லி, ரொட்டி சானாய். பதினொன்றரைக்கு மேல் இலைச் சாப்பாடு. தெங்கிரி (வஞ்சிரம்) மீன் கறியை இந்தத் தீவில் நான் சாப்பிட்டதில் முதல் வரிசையில் வைப்பேன்: புளி தூக்கல், வெந்தயம் கருகாத தாளிப்பு, வெண்டைக்காயைக் காம்பு மட்டும் கிள்ளி முழுசாகப் போட்டிருப்பார்கள், சோற்றில் ஊற்றினால் ஓடாமல் நிற்கும். சைவ இலை 10 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), மீன் துண்டுக்குத் தனியாக 9 வெள்ளி. ரசம் கேட்டால் சில்வர் டம்ளரில் சூடாக வரும், இரண்டாவது டம்ளருக்குக் காசு வாங்குவதில்லை. உளுந்து வடை பத்து மணிக்கே தீர்ந்துவிடும், அது ஒரு குறை. பில் போட நேரமாகும், அது இன்னொரு குறை. காசு வாங்கும் அண்ணனே பாதி நேரம் இலையும் போடுகிறார், அதனால் அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வராது.

கடைப் பெயரை எழுத வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். நான் சொல்லப் போகும் மேசையை வேடிக்கை பார்க்க ஆள் வரக்கூடாது என்பது அவர் கவலை. இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு எந்தக் கடை என்று தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை எட்டரை வாக்கில் போனால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் பெரிய மேசையில் வெள்ளைக்காரர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் பிரிட்டிஷ்காரர்கள், எல்லாரும் அறுபது தாண்டியவர்கள், தே தாரிக்கும் தோசையும் வைத்துக்கொண்டு பிரெக்சிட்டைப் பற்றி, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதைப் பற்றி, சண்டை போடுவார்கள். வாக்கெடுப்பு 2016 ஜூன் 23-ல் முடிந்துபோன விஷயம், 51.9-க்கு 48.1 என்று தீர்ப்பும் வந்து, 2020 ஜனவரி 31-ல் நாடு வெளியேறியும் ஆயிற்று. இவர்களுக்கு மட்டும் அது இன்னும் முடியவில்லை. நான் இந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு மீன் கறி பாதிக் காரணம், இந்த மேசை மீதிக் காரணம்.

மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். யார்க்ஷயர்க்காரர் ஒருவர், சுவர்ப்பூச்சு வேலை பார்த்தவர், 2012-ல் இங்கே வந்தவர், வெளியேறு என்று வாக்களித்தவர். வேல்ஸ் அம்மா ஒருவர், பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1999-லேயே வந்துவிட்டார், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசுவார், ஆனால் வாக்களிக்க முடியவில்லை. வெளிநாட்டில் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் வாக்குரிமை போய்விடும் என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம். மூன்றாமவர் ஸ்காட்லாந்துத் தாத்தா, கப்பல் எஞ்சினியர், கூட்டத்திலேயே மூத்தவர், குரலை உயர்த்தவே மாட்டார்.

இதில் நம்மைத் தொடும் ஒரு விஷயம் இருக்கிறது. என் அக்கா மகள் அப்போது லெஸ்டரில் படித்துக்கொண்டிருந்தாள். பிரிட்டனில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை உண்டு, அதனால் மலேசியக் கடப்பிதழ் வைத்திருந்த அவள் போய் வாக்களித்தாள். இருபது வருடமாக அங்கே வேலை பார்த்து வரி கட்டிய போலந்துக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ அந்த உரிமை கிடையாது. ஐரோப்பியர்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் மூன்று நாட்டாருக்கு மட்டும்தான் இருந்தது. இதை நான் ஒரு நாள் பக்கத்து மேசையிலிருந்து சொன்னதும் வேல்ஸ் அம்மா கையிலிருந்த தோசைத் துண்டை இலையிலேயே வைத்துவிட்டார். ஈப்போவிலிருந்து போன பிள்ளைக்கு என் நாட்டின் எதிர்காலத்தில் வாக்கு இருக்கிறது, எனக்கு இல்லையா என்று கேட்டார். கேட்டதில் கோபம் இருந்தது, ஆனால் அது அந்தப் பிள்ளை மேல் இல்லை, உடனே அவளைப் பற்றி விசாரித்தார், எப்படி வாக்களித்தாள் என்றும் கேட்டார். இருக்க வேண்டும் என்றுதான் போட்டாளாம் என்றேன். யார்க்ஷயர்க்காரர் மேசையைத் தட்டி, பார்த்தீர்களா, வெளியூர்க்காரர்களை வைத்து ஜெயிக்கப் பார்த்தார்கள் என்றார். அன்றைக்கு அந்தப் பேச்சு பதினொன்றரை வரை போயிற்று, இலை போட ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார்கள்.

அந்தப் பதினைந்தாண்டு விதி இப்போது இல்லை. 2022-ல் வந்த தேர்தல் சட்டத்தின்படி 2024 ஜனவரி 16 முதல் எவ்வளவு காலம் வெளியே இருந்தாலும் வாக்களிக்கலாம். அந்த ஆண்டு ஜூலை 4 பொதுத் தேர்தலுக்கு வேல்ஸ் அம்மா ஆசையாகப் பதிந்துகொண்டார், தபால் வாக்குச்சீட்டு பினாங்குக்கு வந்து சேர்ந்தபோது தேர்தலே முடிந்திருந்தது.

பொதுவாக இந்த மாதிரிப் பேச்சு நடக்கும் இடங்களில் எனக்கு உட்கார முடியாது. கடலோரத்தில் வெள்ளைக்காரர்கள் கூடும் ஒரு பப்புக்கு நண்பர்களோடு போயிருக்கிறேன். அங்கேயும் இதே விவாதம்தான், ஆனால் பரிமாறிக்கொண்டிருந்த நேப்பாளப் பையனைக் கைகாட்டி ஒருவர் ஏதோ சொல்ல, மேசை முழுக்கச் சிரித்தது, மேனேஜர் காதில் விழாதது போல உள்ளே போனார். அந்தப் பையன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. வாழையிலைக் கடை அண்ணன் அப்படி விடுவதில்லை. யார் எந்தக் கட்சியைப் பேசினாலும் தலையிட மாட்டார், ஆனால் கடையில் வேலை செய்பவர்களை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவ்வளவுதான். ஒரு சுற்றுப்பயணி தோசைக்கல் பக்கம் பார்த்து இவர்களெல்லாம் எந்தப் படகில் வந்தார்கள் என்று கேட்டபோது, அண்ணன் பில்லைக் கிழித்துப் போட்டுவிட்டு, காசு வேண்டாம், கிளம்புங்கள் என்றார். அந்த ஆளை மன்னிப்புக் கேட்கச் சொல்லி முதலில் எழுந்து நின்றவர் யார்க்ஷயர்க்காரர். அதை நான் மறக்க மாட்டேன், அவரோடு எனக்கு எவ்வளவு கருத்து வேறுபாடு இருந்தாலும்.

அவர் வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2004 மே மாதம் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பெரும்பாலான பழைய உறுப்பு நாடுகள் சில ஆண்டுகள் தடை வைத்துக்கொண்டன, பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் மட்டும் உடனே கதவைத் திறந்தன. தன் ஊரில் பூச்சு வேலைக்கான கூலி அதற்குப் பிறகு ஏறவே இல்லை என்கிறார் இவர். ஓட்டலும் வங்கியும் லாபம் பார்த்தன, என்னைக் கேட்க ஒருவரும் வரவில்லை, கேட்ட ஒரே நாள் 2016 ஜூன் 23 என்கிறார். உழைத்தவர் சொல்லும்போது அதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ரப்பர்த் தோட்டத்திலிருந்து வெளியேறிய நம் குடும்பங்களிலும் இதே மாதிரி கேட்க ஆளில்லாமல் போன கதைகள் உண்டு.

ஆனால் வேல்ஸ் அம்மா விடமாட்டார். வெளியேறிய பிறகு வந்தவர்கள் குறைந்தார்களா என்று கேட்பார். 2023 ஜூன் வரையான ஓராண்டில் பிரிட்டனின் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்ணிக்கை) 9 லட்சத்தைத் தாண்டியது, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்குப் பதில் இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் தாதியரும் முதியோரைப் பார்த்துக்கொள்பவர்களும் வந்தார்கள், அவர்கள் இல்லாவிட்டால் உன் அம்மாவை யார் குளிப்பாட்டுவது என்று நேராகவே கேட்டார். தன் ஊர்க்காரர்கள் மேலும் அவருக்குக் கோபம் உண்டு. ஒன்றியத்தின் பணத்தில் எத்தனையோ வேலைகள் நடந்த வேல்ஸின் பிளைனாய் குவென்ட்டில் 62 சதவீதம் பேர் வெளியேறு என்று போட்டது அவருக்கு இன்றும் ஆறாத விஷயம்.

ஸ்காட்லாந்துத் தாத்தா பேசினால் மேசை அடங்கும். அவருடைய விஷயம் ஓய்வூதியம். பிரிட்டிஷ் அரசின் ஓய்வூதியம் ஒவ்வொரு ஆண்டும் ஏறும், ஆனால் எல்லா நாட்டில் இருப்பவர்களுக்கும் இல்லை. மலேசியாவில் குடியேறினால் எந்தத் தொகையோடு வந்தீர்களோ அதே தொகைதான் கடைசி வரை. ஆஸ்திரேலியா, கனடா, இந்தியாவிலும் இதே நிலைமை. 2005-ல் அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 82 பவுண்டு 5 பென்ஸ், இவர் அந்த வருடம் ஓய்வுபெற்று இங்கே வந்தவர், இன்றும் அதேதான் வாங்குகிறார். ஸ்பெயினில் இருக்கும் அவருடைய தம்பிக்கு 2025-ல் அது 176 பவுண்டு 45 பென்ஸ், நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகும் அங்கே இருப்பவர்களுக்கு உயர்வு தொடர்கிறது. பவுண்டின் மதிப்பும் சேர்ந்து அடித்தது. 2016 ஜூனில் ஆறு வெள்ளியை ஒட்டி இருந்த பவுண்டு அக்டோபரில் ஐந்து வெள்ளிச் சொச்சத்துக்கு வந்தது. தாத்தா மீன் துண்டு வாங்குவதை நிறுத்தியது அப்போதுதான். அண்ணன் இன்றைக்கும் அவர் இலையில் ஒரு துண்டு வைத்துவிட்டு பில்லில் எழுதுவதில்லை. தாத்தா போகும்போது அதற்குச் சரியான காசை உப்புக் குப்பிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சரி, வலதுசாரித் தீவிரம் பற்றிய சண்டைக்கு வருகிறேன், ஏனென்றால் மேசை உண்மையிலேயே உடையப் பார்த்தது அதில்தான். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால், 2016 ஜூன் 16 அன்று, வெளியேறும் பிரசாரத்தில் முன்னணியில் நின்ற நைஜல் ஃபராஜ் ஒரு விளம்பரப் பலகையைத் திறந்து வைத்தார், அகதிகள் நீண்ட வரிசையில் வரும் படம். அதே நாளில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தன் தொகுதியில் ஒரு தீவிர வலதுசாரியால் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டார். வேல்ஸ் அம்மா இந்த இரண்டையும் சேர்த்துப் பேசும்போதெல்லாம் யார்க்ஷயர்க்காரர் கொதிப்பார். நான் போட்டது ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸில் சட்டம் எழுதுவதற்கு எதிரான வாக்கு, கொலைகாரனோடு என்னைச் சேர்க்காதே என்பார். நியாயம்தான். வெளியேறு என்று போட்ட 1 கோடியே 74 லட்சம் பேரையும் ஒரே குப்பையில் கொட்டுவது அநியாயம். தாத்தா சொல்வது இன்னும் யோசிக்க வைப்பது: ஒன்றியத்தில் இருக்கும் பிரான்சில் 2024 ஐரோப்பியத் தேர்தலில் தீவிர வலதுசாரி லு பென்னின் கட்சி 31 சதவீதம் வாங்கியது, நெதர்லாந்தில் அதே ரகமான வில்டர்ஸின் கட்சி 2023-ல் 150-ல் 37 இடம் பிடித்தது, ஜெர்மனியில் அதே ரகமான ஏஎஃப்டி கட்சி 2025 பிப்ரவரியில் 20.8 சதவீதத்தோடு இரண்டாமிடம். பிரெக்சிட் இல்லாத நாடுகளிலும் இது வளர்கிறது. இத்தனைக்கும் லு பென்னே இப்போது வெளியேறுவதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆக, நோய் ஒன்றியமும் இல்லை, வெளியேறியதும் இல்லை, வந்தவனைக் காட்டி வாக்குக் கேட்பதுதான் என்பது தாத்தாவின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சவுத்போர்ட் கொலைகளுக்குப் பிறகு நடந்த கலவரம் நினைவிருக்கும். மூன்று சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று பொய்ச் செய்தி பரவியது. உண்மையில் அவன் கார்டிஃபில் பிறந்தவன். ஆகஸ்ட் 4 அன்று ராதர்ஹாமில் அடைக்கலம் தேடி வந்தவர்கள் தங்கியிருந்த ஓட்டலைக் கும்பல் சூழ்ந்து, சன்னலை உடைத்து, தீ வைக்கப் பார்த்தது. ராதர்ஹாம் யார்க்ஷயரில் இருக்கிறது, நம் ஆளின் சொந்த ஊருக்குப் பக்கம். அடுத்த சனிக்கிழமை அவர் வந்தபோது முகமே சரியில்லை. தீ வைத்தது தப்பு, ஆனால் மக்கள் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார்.

அப்போது பின் மேசையில் கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்த எங்கள் வாத்தியார் எழுந்து வந்தார். தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், எண்பதை நெருங்குகிறார், ஆங்கிலம் நிதானமாக, பழைய பாடப்புத்தகம் போல இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு யார்க்ஷயர்க்காரருக்கு எதிரே உட்கார்ந்தார். திருப்பி அனுப்புவது எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள், கொண்டுவந்தது உங்கள் நாட்டுக் கம்பெனிகள் என்றார். சுதந்திரம் கிடைத்தபோது அப்பா குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டார், பெரியப்பாவுக்கு எழுதிப் போட யாரும் உதவவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் கட்டாயமானது, பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. நாற்பது வருடம் மரம் சீவிய மனுஷன், பெரியம்மாவோடு பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறினார், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்க்கட்டு. போய்ச் சேர்ந்த ஊரில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வாத்தியார் அந்த டிரங்குப் பெட்டியின் பூட்டு வேலை செய்யாமல் கயிறு போட்டுக் கட்டியதைச் சொன்னார், கயிற்றைக் கட்டியது தானே என்றும் சொன்னார், குரல் கொஞ்சமும் மாறவில்லை. அப்புறம், என் அக்கா எழுபதுகளில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் தாதி வேலை படித்தாள், ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சிப் பையன்கள் இதே திரும்பிப் போ என்பதைத்தான் கத்துவார்களாம் என்றார்.

யார்க்ஷயர்க்காரர் மறுத்துப் பேசவில்லை. பெரியப்பா என்ன ஆனார் என்று மட்டும் கேட்டார். வாத்தியார் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

அவர் அன்றோடு மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன், இப்போதும் ஃபராஜைப் பற்றி நல்லதாகப் பேசும் நாட்கள் உண்டு. ஆனால் 2021-ல் நடந்த ஒன்றை அதற்குப் பிறகு அவரே எடுத்துப் பேச ஆரம்பித்தார். மலேசியா எனது இரண்டாவது இல்லம் திட்டத்தில்தான் இவர்களில் பலர் தங்கியிருக்கிறார்கள். அந்த ஆண்டு அரசு மாத வருமான நிபந்தனையை 10,000 வெள்ளியிலிருந்து 40,000 வெள்ளியாக உயர்த்தியது, ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்றுதான் முதலில் செய்தி வந்தது, பிறகுதான் விலக்குக் கொடுத்தார்கள். இடையில் இருந்த அந்த வாரங்களில் தூங்கவில்லை என்கிறார் யார்க்ஷயர்க்காரர். வீட்டை விற்றுவிட்டு வந்தாயிற்று, நாயை யாரிடம் விடுவது என்று மனைவி அழுதார்களாம். இதைச் சொல்லிவிட்டுத் தோசைக்கல் பக்கம் பார்த்தார்.

அந்தக் கல்லுக்குப் பின்னால் நிற்பவர் சிவகங்கைப் பக்கத்துத் தம்பி. ஆண்டுதோறும் அரசுக்கு லெவி கட்டி, மற்றச் செலவும் செய்து, பர்மிட்டைப் புதுப்பிக்கிறார் அண்ணன். தாள் வரத் தாமதமான மாதங்களில் இரவுக் கடையை மூடியே வைத்தார், தம்பியைப் பின்கட்டில் ஒளித்து வேலை வாங்க மறுத்துவிட்டார். தம்பி கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து, மாவை நடுவிலிருந்து சுழற்றிக் கொண்டுவரும் வேகத்தைப் பார்க்கவே கல்லுக்கு எதிரே உள்ள மேசையைப் பிடிக்கலாம். ஓரம் காகிதமாக, நடுவில் மெத்தென்று வரும். பொடி தோசை கேளுங்கள், அட்டையில் எழுதியிருக்காது.

பினாங்கில் இப்படி ஒரு கடை இருப்பது எனக்குப் பெரிய விஷயம். இந்தத் தீவில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான், ஆனால் அதைப் பற்றி ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள இடம் ரொம்பக் குறைவு. அண்ணன் ஒரு மேசையையும் ஒரு விதியையும் மட்டும் வைத்து அதைச் செய்திருக்கிறார். ஐந்துக்கு ஐந்தும் கொடுக்கிறேன், வடை தீர்ந்துபோவதற்காக ஒன்றும் குறைக்கப் போவதில்லை.

போகிறவர்களுக்கு: செவ்வாய் விடுமுறை. கார் நிறுத்த முன்னால் இடம் கிடைக்காது, பின் சந்தில் நிறுத்துங்கள். சனிக்கிழமை போனால் பெரிய மேசைக்குப் பக்கத்தில் உட்காரலாம், பேச்சில் கலந்துகொண்டாலும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், படம் மட்டும் எடுக்காதீர்கள். மீன் தலைக்கறி வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், பொங்குஸ் (பார்சல்) கட்டித் தருவார்கள்.